பானாசோனிக் ஜிஎம்5: பத்து வருஷம் தாண்டியும் மாற்று கிடைக்காத கேமரா

2013-இல் வந்த பானாசோனிக் ஜிஎம்1-இன் உயரம் 54.9 மில்லிமீட்டர். அதோடு சேர்த்து விற்ற 12-32 ஜூம் லென்ஸின் விட்டம் 55.5 மில்லிமீட்டர். லென்ஸைவிடக் கேமரா குள்ளம். அதற்குமேல் குறுக்க இடமே இல்லை என்கிற எல்லைவரை போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த வருஷமே அதன் தங்கை ஜிஎம்5 வந்தது. உயரம் 59.5 மி.மீ. கூடுதலாகக் கிடைத்த அந்த நாலரை மில்லிமீட்டருக்குள் கண்ணை வைத்துப் பார்க்கும் ஒரு வியூஃபைண்டரையும், ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவையும் வைத்துவிட்டார்கள். பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் போட்டு 211 கிராம். நான் முதலில் ஜிஎம்1 வைத்திருந்தேன், இப்போது ஜிஎம்5. பழைய பொருள்மேல் வரும் பாசத்தில் இதை எழுதவில்லை. நியாயமாக இந்நேரம் இதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றுவதற்கு ஒன்று தேடித் தேடிப் பார்த்து, கிடைக்காத எரிச்சலில் எழுதுகிறேன்.

என் தொழில் கட்டட உள்ளரங்குகளைப் படமெடுப்பது. ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) பாடி, தடிமனான வைட் லென்ஸ், டிரைபாட், விளக்குகள். வலது மணிக்கட்டின் தசைநார் பல வருஷமாகவே முனகிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்தபிறகும் படம் எடுக்கப் பிடிக்கும், ஆனால் அந்த மூட்டையைத் தொடப் பிடிக்காது. ‘பாக்கெட் கேமரா’ என்று ஆண்கள் எழுதும் விமர்சனங்களில் எல்லாம் கோட்டுப் பாக்கெட்டில் போகுமா, ஜீன்ஸ் பாக்கெட்டில் போகுமா என்றுதான் சோதிப்பார்கள். என் உடுப்புகளில் பாதிக்குப் பாக்கெட்டே கிடையாது. எனக்கு அளவுகோல் கைப்பைதான். பர்ஸ், சாவி, தண்ணீர் பாட்டிலோடு கேமராவும் இருக்க வேண்டும், இருப்பது தோளுக்குத் தெரியக் கூடாது. ஜிஎம்5 அந்தச் சோதனையில் தேறியது. அதன் பிறகு வந்த எதுவும் முழுதாகத் தேறவில்லை.

முதலில் கேமராவைப் பற்றி. பாடி மெக்னீசியக் கலவை. கையில் எடுத்தால் பொம்மை என்ற எண்ணமே வராது, அளவுக்கு மீறிய கனம்போல ஒரு திண்மை இருக்கிறது. உள்ளே 16 மெகாபிக்ஸல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (பானாசோனிக்கும் ஒலிம்பஸும் பகிர்ந்துகொண்ட அளவு) சென்சார், 17.3-க்கு 13 மி.மீ. அதே காலத்தில் வந்த பெரிய பானாசோனிக் பாடிகளில் இருந்த தரம்தான். சின்னப் பாடி என்பதற்காக சென்சாரில் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 வரை யோசிக்காமல் எடுப்பேன். 3200-இல் நிழல் பகுதிகளில் மணல் தெரியும், கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் அதுவும் பரவாயில்லை. 6400 ஆபத்துக்கு மட்டும்.

இவ்வளவு சின்னதாக்கியது எப்படி என்பதில் எனக்குப் பிடித்த விஷயம் ஷட்டர். வழக்கமான திரை ஷட்டரில் ஸ்பிரிங்கை முறுக்கி வைத்து விடுவிப்பார்கள், அதற்கான பொறியமைப்பு இடத்தைத் தின்னும். ஜிஎம் வரிசையில் திரையை ஒரு குட்டி மோட்டாரே நகர்த்துகிறது. விலையாக என்ன கொடுத்தார்கள் என்றால், திரை 1/500 நொடி வேகம் வரைதான் போகும். அதற்குமேல் 1/16000 வரை மின்னணு ஷட்டர். ஃபிளாஷோடு ஒத்துப்போவது வெறும் 1/50 வரை. வெயிலில் எஃப்/1.7 போன்ற அதிக ஒளி விடும் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தால் மின்னணு ஷட்டருக்குத்தான் போயாக வேண்டும். அப்போது வேகமாக ஓடுவது எதுவும் சாய்ந்து விழும், சில எல்இடி விளக்குகளின் கீழ் படம் முழுக்கக் கோடு கோடாக வரும். மின்விசிறியை எடுத்தால் இறக்கை வாழைப்பழம்போல வளையும். ஓடுகிற பிள்ளைகளை எடுக்க இந்தக் கேமராவை வாங்காதீர்கள் என்று சொல்வேன். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அருமை.

வியூஃபைண்டர் சின்னது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுவேகமாகக் காட்டும் வகை என்பதால், கண்ணை ஓட்டினால் ஓரங்களில் வானவில் உடையும். கண்ணாடி போட்டவர்களுக்கு மூலைகள் தெரியாது. நான் கண்ணாடி போட்டவள். ஆனாலும் உச்சி வெயிலில் பின்திரை கறுத்துப்போகிறபோது, இந்தச் சாவித்துவாரம் ஒன்று இருக்கிறதே என்று எத்தனை தடவை நன்றி சொல்லியிருக்கிறேன். இன்று இதைவிட ஒன்றரை மடங்கு கனமான பாடிகளில் சாவித்துவாரம்கூட இல்லை.

பேட்டரி ஒரு சார்ஜுக்கு 200 படத்தை ஒட்டித்தான். கேமராவுக்குள் வைத்து யுஎஸ்பி சார்ஜ் போட முடியாது, தனிச் சார்ஜர் வேண்டும். பாடியில் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷன் இல்லை. பின்திரை அசையாது. வீடியோ முழு எச்டியில் 60 ஃபிரேமோடு நின்றுவிடும், 4கே கிடையாது. டிரைபாடில் மாட்டினால் பேட்டரிக் கதவு அடைபடும், பருத்த லென்ஸ் போட்டால் டிரைபாடின் தட்டில் முட்டும். குறை பட்டியல் நீளமானதுதான், மறைக்கவில்லை. இத்தனை குறையோடும் இது என் கைப்பையில் இருக்கிறது. இந்தக் குறைகள் இல்லாத கேமராக்கள் அலமாரியில் இருக்கின்றன.

லென்ஸுக்கு வருவோம். பாடி மட்டும் சின்னதாக இருந்து என்ன பயன்? சோனி 2010-இல் நெக்ஸ்-5 கொண்டுவந்தபோது பாடி மெலிசாகத்தான் இருந்தது. ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கான ஜூம் லென்ஸை மாட்டியதும், லென்ஸில் ஒட்டிக்கொண்ட தகடுபோல ஆகிவிட்டது. ஜிஎம்5-இன் பலம் அதைச் சுற்றியிருக்கும் லென்ஸ் குடும்பம். 12-32 மடக்கு ஜூம் 70 கிராம். ஃபுல் ஃபிரேம் கணக்கில் பார்வை 24-64 (எண் குறையக் குறையப் பார்வை அகலம்). சாதாரண கிட் லென்ஸ் 28-இல் தொடங்கிய காலத்தில் 24 கொடுத்தது, கட்டடம் எடுப்பவளுக்கு அந்த நாலு மில்லிமீட்டரின் அருமை தெரியும். 35-100 மடக்கு ஜூம் 135 கிராம், அதாவது 70-200 பார்வை 135 கிராமில். லைக்கா பெயர் போட்ட 15 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ் 115 கிராம், அப்பர்ச்சர் வளையத்தோடு. ஒலிம்பஸ் செய்த 45 மி.மீ. எஃப்/1.8-ஐயும் இதிலேயே மாட்டலாம், 116 கிராம்.

கூட்டிப் பாருங்கள். பாடியும் இரண்டு ஜூமும் சேர்ந்து 416 கிராம். 24-இலிருந்து 200 வரை, நடுவில் 64-க்கும் 70-க்கும் இடையே விட்டுப்போன சின்ன ஓட்டை தவிர, எல்லாம் வந்துவிட்டது. 2024-இல் அதே பானாசோனிக் ‘சின்னக் கேமரா’ என்று கொண்டுவந்த எஸ்9, லென்ஸ் இல்லாமலே 486 கிராம்.

‘எஃப்/5.6 லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் எஃப்/11-க்குச் சமம்’ என்று உடனே கணக்கோடு வருவார்கள். சரி. ஃபோகஸ் ஆழத்துக்கும் மொத்த வெளிச்சத்துக்கும் அந்தக் கணக்கு சரிதான். நான் பகலில் தெருவில் எஃப்/8 வைத்து எடுக்கிறேன். இனி அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

சின்னக் கேமராக்கள் வந்த வரிசையைப் பாருங்கள். 2009-இல் ஒலிம்பஸ் இ-பி1, பானாசோனிக் ஜிஎஃப்1. 2010-இல் நெக்ஸ். 2011-இல் உள்ளங்கைக்குள் அடங்கும் பென்டாக்ஸ் க்யூ, அதே வருஷம் நிக்கான் 1. 2012-இல் கேனன் இஓஎஸ் எம். 2013-இல் ஜிஎம்1. 2014-இல் சாம்சங் என்எக்ஸ் மினி, 22.5 மி.மீ. தடிமன், பேட்டரி இல்லாமல் 158 கிராம், உலகுக்கு வந்த லென்ஸ் மூன்றே மூன்று. அதே வருஷம் ஜிஎம்5. ஐந்தே வருஷத்தில் கேமரா கம்பெனிகள் எல்லாம் போட்டி போட்டுக் குறுக்கிய காலம் அது. பிறகு சாம்சங் கேமராவையே விட்டது. பென்டாக்ஸ் க்யூ நின்றது. நிக்கான் 1 வரிசையை 2018-இல் மூடினார்கள். கேனனின் எம் வரிசையும் போய்விட்டது. ஒலிம்பஸ் தன் கேமரா பிரிவையே விற்றது, 2021 முதல் அது ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்.

போன் தின்றுவிட்டது என்பார்கள். பாதி உண்மை. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பான சிஐபிஏவின் கணக்குப்படி 2010-இல் விற்பனைக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல், 2020-இல் 90 லட்சத்துக்கும் கீழே. இப்படி ஒரு சரிவில் எதுதான் தப்பும்? ஆனால் அந்தச் சரிவின் பெரும்பகுதி லென்ஸ் மாற்ற முடியாத மலிவுக் கேமராக்கள். லென்ஸ் மாற்றும் கேமராக்கள் இன்றும் விற்கின்றன, புதிதாக வருகின்றன, மாதிரிக்கு மாதிரி கனமாகின்றன. ஆகவே ‘ஏன் குறைந்தது’ என்பதைவிட ‘ஏன் சின்னது மட்டும் செத்தது’ என்றுதான் கேட்க வேண்டும்.

என் பதில் இது: சின்னக் கேமரா என்றால் கற்றுக்குட்டிக்கான கேமரா என்று கம்பெனிகள் ஆரம்பத்திலேயே முடிவு கட்டிவிட்டன. இளஞ்சிவப்பு, மிட்டாய் நீலம் என்று நிறம் கொடுத்தார்கள். டயல்களைப் பிடுங்கினார்கள். ‘பின்னணியை மங்கலாக்கு’ என்று மெனுவில் எழுதினார்கள். வியூஃபைண்டரை எடுத்துவிட்டு, தன்னைத்தானே எடுத்துக்கொள்ள மேல்நோக்கி மடங்கும் திரை வைத்தார்கள். நல்ல கட்டுப்பாடு வேண்டுமா, பெரிய பாடிக்குப் போ. அளவும் தகுதியும் ஒரே ஏணியின் படிகள் ஆகிவிட்டன. பிறகு போன் வந்து கற்றுக்குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, ஏணியின் கீழ்ப்படியை வெட்டி எறிந்தார்கள். அந்தப் படியில், வேண்டும் என்றே சின்னதைத் தேர்ந்தெடுத்தவர்களும் நின்றுகொண்டிருந்தோம் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஜிஎம்5-க்குப் பிறகு 2017-இல் வந்த ஜிஎக்ஸ்850-ஐப் பாருங்கள், சில சந்தைகளில் அதற்கு ஜிஎக்ஸ்800, ஜிஎஃப்9 என்றெல்லாம் பெயர். 269 கிராம். 4கே வந்தது, யுஎஸ்பி சார்ஜ் வந்தது, திரை மேலே மடங்கியது. வியூஃபைண்டர் போயிற்று, ஹாட் ஷூ போயிற்று. ஷட்டர் அதே 1/500. மேம்படுத்தினார்கள்தான். யாரை நினைத்து மேம்படுத்தினார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. சென்சாரை அசைத்து ஸ்டெபிலைஸ் செய்ய, சென்சாரைச் சுற்றிக் காந்தமும் சுருளும் வைக்க இடம் வேண்டும். 4கே வீடியோ சூட்டைக் கிளப்பும், சூடு வெளியேறப் பரப்பு வேண்டும். பெரிய வியூஃபைண்டருக்குப் பெரிய கண்ணாடி, எல்லாவற்றுக்கும் பெரிய பேட்டரி. ஒப்பீட்டுப் பட்டியல்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, கட்டத்தில் டிக் விழாவிட்டால் விமர்சகர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். ‘எப்போதும் கூடவே இருந்தது’ என்பதற்குக் கட்டம் கிடையாது.

ஆனால் இந்தக் காரணத்தை முழுசாக நம்ப விடாமல் தடுப்பது ரிக்கோ ஜிஆர் 3. 2019-இல் வந்தது. ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது என் ஜிஎம்5-இன் சென்சாரைவிடப் பெரியது. பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன். 24 மெகாபிக்ஸல். உயரம் 61.9 மி.மீ., எடை 257 கிராம். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் திரை ஷட்டரின் இடம் மிச்சம் என்பது உண்மை, லென்ஸை மாற்ற முடியாது என்பதும் உண்மை. இருந்தாலும், ஸ்டெபிலைசேஷன் வேண்டுமென்றால் தடிமனாகத்தான் வேண்டும் என்கிற பேச்சு இதோடு அடிபட்டுப் போகிறது. விருப்பம் இருந்தால் முடிகிறது. வாங்கவும் ஆள் இருக்கிறது. ஜிஆருக்கும், அதைவிட இருமடங்கு கனமான ஃபியூஜி எக்ஸ்100 வரிசைக்கும் ஆட்கள் காத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கேமராக்களைக் கற்றுக்குட்டிக்கு என்று யாரும் விற்கவில்லை.

அப்படியானால் ஜிஆரையே வாங்கிவிட வேண்டியதுதானே? என்னோடு வேலை செய்யும் தம்பி அதைத்தான் சொன்னான். “அக்கா, 28 பார்வைக்கு ஒரு ஜிஆர் 3, 40 பார்வைக்கு ஒரு 3எக்ஸ். ரெண்டும் வாங்கிட்டா முடிஞ்சுது. எதுக்கு இந்தப் பழசைக் கட்டிக்கிட்டு அழறீங்க?”

“ரெண்டும் சேர்த்து எவ்வளவு கனம்டா?”

பார்த்துச் சொன்னான்: 257, 262. கூட்டினால் 519 கிராம். இரண்டு பார்வைதான், இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பார்வை. நூறு கிராம் குறைவாக நான் 200 வரை போகிறேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “தரம்?” என்றான். அதில் ஜிஆர் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. 28-இல் அந்த லென்ஸ் ஓரம்வரை அறுத்துக் கொடுக்கும் கூர்மையை என் 12-32 தராது.

போனைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஐபோன் 14 புரோ மேக்ஸ் 240 கிராம். ஒரு அங்குல வகை சென்சாரோடு 2022-இல் வந்த ஷாவ்மி 12எஸ் அல்ட்ரா 225 கிராம். லென்ஸ் இல்லாத ஜிஎம்5 பாடி இரண்டைவிடவும் இலேசு. சென்சார் பரப்போ அந்த ஒரு அங்குல வகையைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இரவில் போன் பல படங்களை அடுக்கிச் சேர்த்துத் தரும் படம் என் கேமராவின் ஒற்றைப் படத்தைவிடச் சுத்தமாக இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் போனில் நான் எடுப்பது குறிப்பு. கேமராவில் நிற்கிற இடத்தையும் லென்ஸையும் முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் கையை உயர்த்துகிறேன். இது பழக்கம்தான், பெருமை ஒன்றும் இல்லை.

இப்போது புதிதாகக் கிடைப்பவற்றில் மாற்று என்று நான் கையிலெடுத்துப் பார்த்தவை சில. ஒலிம்பஸ் இ-பி7, 2021. அழகான பாடி, ஸ்டெபிலைசேஷன் உண்டு, என் லென்ஸெல்லாம் மாட்டும். 337 கிராம், வியூஃபைண்டர் இல்லை. என் ஜிஎம்5-இல் 15 மி.மீ. எஃப்/1.7-ஐ மாட்டி எடை பார்த்தால் 326 கிராம். வெறும் பாடி, லென்ஸ் மாட்டிய ஜிஎம்5-ஐவிடக் கனம்! அதோடு என் ஆசை அவிந்தது. ஃபியூஜி எக்ஸ்-எம்5, 2024-இல் வந்தது, 355 கிராம். இன்று எனக்கு ஓரளவு நெருங்கி வருவது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 27 மி.மீ. பேன்கேக் (தட்டை) லென்ஸ் 84 கிராம்தான், ஜோடி நன்றாக இருக்கும். ஆனால் இதற்கும் வியூஃபைண்டர் கிடையாது, பாடிக்குள் ஸ்டெபிலைசேஷனும் கிடையாது. ஃபியூஜியில் ஜூம் பக்கம் போனால் கைப்பைக் கணக்கு உதைக்கிறது.

எஸ்9-ஐப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டும். ஜிஎம் செய்த கம்பெனி. ஃபுல் ஃபிரேமில் சின்னதாக ஒன்று என்றதும் எனக்கு மூச்சு ஒரு நிமிஷம் நின்றது. வந்ததில் வியூஃபைண்டர் இல்லை, திரை ஷட்டரே இல்லை, மேலே இருக்கும் ஷூவில் மின் தொடர்பு இல்லை, அதனால் ஃபிளாஷ் போட முடியாது. சின்னதாகத் தெரிய வேண்டும் என்று கூடவே ஒரு 26 மி.மீ. பேன்கேக்: அப்பர்ச்சர் எஃப்/8-இல் நிலையாக நிற்கும், ஃபோகஸ் கையால். அந்த லென்ஸோடு படத்தில் பார்த்தால் குட்டிக் கேமராதான். உருப்படியான ஜூம் ஒன்றை மாட்டியபின் அது குட்டி இல்லை. வீடியோ எடுக்கிறவர்களுக்கு நல்ல கருவி என்கிறார்கள், இருக்கட்டும். நான் கேட்டது அதுவல்ல. ஓஎம் பக்கம் போனால் ஓஎம்-5 414 கிராம், 2025-இல் வந்த ஓஎம்-3 496 கிராம். இரண்டும் நல்ல கேமராக்கள். நல்ல கேமரா என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, அலமாரியில்.

இன்று செய்தால் எப்படிச் செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால்: ஜிஎம்5-இன் பாடியை 3 மி.மீ. தடிமனாக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. வானவில் உடையாத வியூஃபைண்டர், யுஎஸ்பி சார்ஜ், 1/2000 வரை போகும் திரை ஷட்டர், கொஞ்சம் பெரிய பேட்டரி. வீடியோவை முழுசாக எடுத்துவிட்டாலும் சரி. 250 கிராமுக்குள். விலையைப் பெரிய பாடிக்கு வைப்பதுபோலவே வையுங்கள், மலிவாகத் தர வேண்டும் என்று யாரும் கெஞ்சவில்லை.

செகண்ட்ஹேண்டில் ஜிஎம்5 வாங்க நினைப்பவர்களுக்கு. வியூஃபைண்டர் தேவை இல்லையென்றால் ஜிஎம்1 போதும், உள்ளேயே குட்டி ஃபிளாஷும் இருக்கிறது. சென்சாரும் படமும் ஒன்றுதான். எதை வாங்கினாலும் முதலில் 12-32-இன் முன் வளையத்தை மெதுவாக ஆட்டிப் பாருங்கள், பசை விட்டுப்போய்க் கழன்று வருவது அந்த லென்ஸின் தெரிந்த பலவீனம். மெனுவில் ஷட்டர் தேர்வைத் திரை ஷட்டருக்கு மாற்றிவிட்டு, வெள்ளைச் சுவரை 1/60-இலும் 1/500-இலும் எடுத்துப் பாருங்கள், வெளிச்சம் ஓரத்துக்கு ஓரம் ஒரேமாதிரி விழ வேண்டும். பின்பக்கக் கட்டைவிரல் டயலை இரண்டு பக்கமும் சுற்றி, எண் தாவுகிறதா என்று கவனியுங்கள். பேட்டரிக்குக் கவலை வேண்டாம், ஜிஎக்ஸ்850-க்கும் இதே பிஎல்எச்7 தான் என்பதால் புதிது கிடைக்கும். இரண்டு வாங்கி வையுங்கள். ஜிஎம்5-ஓடு பெட்டியில் வந்த குட்டி ஃபிளாஷ் இருக்கிறதா என்று விற்பவரிடம் மறக்காமல் கேளுங்கள், பாதிப்பேர் அதை எங்கோ இழுப்பறையில் போட்டுவிட்டு இல்லை என்பார்கள். தோல் உறை, கைப்பிடி என்று கூடவே விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காசை 35-100-க்கு ஒதுக்குங்கள்.